மருத்துவர் தலைமையேற்ற கல்வி: ஏ. லட்சுமணசாமி முதலியாரும் மாணவர் நலமும்

ஏ. லட்சுமணசாமி முதலியார் மகப்பேறு மருத்துவர். 1887 அக்டோபர் 14 அன்று கர்நூலில், ஆற்காடு ராமசாமி முதலியாருடன் இரட்டையராகப் பிறந்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, அங்கேயே ஆசிரியராகி, 1939-இல் அதன் முதல் இந்திய முதல்வரானார். அவர் எழுதிய மகப்பேற்றுப் பாடநூல் புதிய பதிப்புகள் கண்டு இன்றும் கையில் இருக்கிறது. இணையாசிரியர் மேனனின் பெயரும் சேர்ந்து, மாணவர்களுக்கு அது ‘முதலியார் மேனன்’. 1942 முதல் 1969 வரை 27 ஆண்டுகள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். பதவிகளின் பட்டியல் இன்னும் நீளும். ஆனால் மாணவர் நலனுக்காக அவர் செய்தவற்றில் தலையாயது மருத்துவக் கல்லூரிக்கு வெளியே நடந்தது.

1952 செப்டம்பரில் மத்திய அரசு அமைத்த இடைநிலைக் கல்விக் குழுவுக்கு அவர் தலைவர். மறு ஆண்டு வந்த அறிக்கையில் மாணவர் உடல்நலத்துக்கும், வழிகாட்டலுக்கும், தேர்வுமுறைக்கும் தனித்தனி அத்தியாயங்கள் உண்டு. மாநிலந்தோறும் பள்ளி மருத்துவச் சேவை வேண்டும். பரிசோதித்து அட்டையில் குறிப்பதோடு நில்லாமல் சிகிச்சை வரை தொடர வேண்டும். விடுதிச் சாப்பாட்டில் சத்து இருக்க வேண்டும். எழுதியது ஒரு மருத்துவரின் குழு என்பது இங்கே பளிச்செனத் தெரிகிறது.

தேர்வைப் பற்றியும் அதே அக்கறைதான். மற்றப் பாடங்களில் தேறி, கணக்கில் மட்டும் கோட்டைவிட்ட பிள்ளை எல்லாத் தாள்களையும் மறுபடி எழுதுவது என்ன நியாயம்? தவறிய பாடத்தை மட்டும் எழுதவிட வேண்டும் என்றது குழு. ஓராண்டு வீணாவது ஒரு வீட்டை என்ன பாடுபடுத்தும் என்பதைப் பிற்காலத்தில் தொலைபேசி வழியே கேட்டவர்கள், சென்னை ராஜா அண்ணாமலைபுரத்தில் இயங்கும் சிநேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பின் தன்னார்வலர்கள். மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் தொடங்கிய அமைப்பு அது. முடிவு வந்த கையோடு துணைத் தேர்வு வைக்க வேண்டும் என்று அது வலியுறுத்தியது. தமிழ்நாட்டில் அது நடைமுறையும் ஆயிற்று.

மருத்துவ மாணவருக்கு இந்தக் கனிவு வந்து சேரத் தாமதமாயிற்று. முன்பெல்லாம் அனாடமியில் தவறிய முதலாண்டு மாணவர் ஆறு மாதம் பின்தங்கிய தனி பேட்ச்சில் விழுவார். மெஸ்ஸில் அவர் உட்காரும் மேசைகூட மாறிவிடும். துணைத் தேர்வில் தேறியவரைப் பழைய நண்பர்களோடே சேர்த்தவை 2019-இன் எம்.பி.பி.எஸ். விதிகள். மன அழுத்தத்தைச் சமாளிப்பதும் அவற்றில்தான் தொடக்கப் பயிற்சியின் பகுதியாயிற்று. 2022-இல் தமிழ்நாடு அரசு மருத்துவக் கல்லூரிகளில் ‘மனம்’ என்ற மனநல நல்லாதரவு மன்றங்களைத் தொடங்கியது.

2024-இல் தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு நடத்திய இணையவழிக் கணக்கெடுப்பில், இளநிலை மாணவர்களில் 27.8 விழுக்காட்டினர் மனநலப் பாதிப்பு இருப்பதாகச் சொன்னார்கள். நால்வரில் ஒருவருக்கும் மேல். முதுநிலை மாணவரின் பணிநேரம் வாரத்துக்கு 74 மணியைத் தாண்டக் கூடாது, வாரம் ஒரு நாள் ஓய்வு, அன்றாடம் 7 முதல் 8 மணி நேரத் தூக்கம் என்று அக்குழு பரிந்துரைத்தது. 1992-இலேயே மத்திய அரசின் ஆணை, சாதாரணமாக வாரத்துக்கு 48 மணி நேரம் என்று சொல்லியிருந்தது. இரண்டு இரவு தூங்காத பயிற்சி மருத்துவர்தான் விடியற்காலையில் பச்சைக் குழந்தைக்கு ஊசிமருந்தின் அளவைக் கணக்கிடுகிறார். அவருடைய டூட்டி அட்டவணையைப் போடும் பொறுப்பு துறைத் தலைவரிடமே இருக்கிறது.