ஈ, தா, கொடு
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

    

புலவர் பெருமக்கள் பேசிய மேடை இது. எம் படிப்போ மெட்ரிகுலேஷனோடு நின்றது. பிழைப்பு இரயில்வேயில் எழுத்தர் வேலை. நாள்தோறும் எம் கையில் புழங்குவன கோப்புகளும் விண்ணப்பங்களுமே. அவற்றில் ஓயாது எதிர்ப்படும் ஓர் ஆங்கில வினைச்சொல்லைப் பற்றியே இன்று பேச வந்தோம். 'கிவ்' என்பது அச்சொல்.

இச்சொல்லின்பால் எம் கருத்தைத் திருப்பியவள் நம் குடியிருப்புச் சிறுமி ஒருத்தி. நெரிசல் மிகுந்த பேருந்தில் எமக்குப் பின்னே நின்றவள், லேக் மார்க்கெட் நிறுத்தம் வந்ததும், "இறங்கக் கொடுங்க, மாமா" என்றாள். அருகிலிருந்த தமிழர் இருவர் நகைத்தனர். குழந்தையின் முகம் வாடிற்று. யாம் அவளிடம், "இறங்க விடுங்க என்று சொல்லம்மா" என்றோம். அவளோ, "இடம் கொடுங்க என்று நீங்கள் எல்லாரும் சொல்கிறீர்களே, அது மட்டும் சரியா, மாமா?" என்று வினவினாள். எமக்கு உடனே விடை தோன்றவில்லை. அவ்விடையைத் தேடிய வரலாறே இச்சொற்பொழிவு.

முதலில் ஆங்கிலத்தை நோக்குவோம். 'கிவ்' என்பதன் பின்னே ஒரு சிறு சொல் ஒட்டினால் பொருள் அடியோடு மாறிவிடும். 'கிவ் அப்' என்றால் கைவிடுதல். 'கிவ் இன்' என்றால் பணிந்து போதல். 'கிவ் அவே' என்றால் இலவசமாக வழங்குதல், அன்றி மறைபொருளை வெளிப்படுத்துதல். 'கிவ் அவுட்' என்றால் பங்கிட்டு வழங்குதல், அன்றித் தீர்ந்துபோதல். 'கிவ் வே' என்பது வழிவிடுதல். சுமை தாங்காமல் பாலம் சரிந்தாலும் அதே 'கிவ் வே' தான்!

தமிழில் இம்மாற்றம் சொல்லின் முன்னே நிகழ்கின்றது. 'கொடு' என்பதன் முன் ஒட்டுவதைப் பாருங்கள். விட்டுக்கொடுத்தல் பெருந்தன்மை, காட்டிக்கொடுத்தல் துரோகம், சொல்லிக்கொடுத்தல் ஆசிரியர் தொழில், பறிகொடுத்தல் இழப்பு, கைகொடுத்தல் உதவி. இறுதியில் நிற்கும் வினை ஒன்றே. அதற்குள் எத்தனை உலகங்கள்! நற்பேறு உடையவனைக் 'கொடுத்து வைத்தவன்' என்கிறோம். முன்னே கொடுத்தவனுக்கே பின்னே கிடைக்கும் என்னும் நம்பிக்கை அத்தொடரில் அடங்கியுள்ளது. இரு குடும்பங்களின் மண உறவையும் 'கொள்வினை கொடுப்பினை' என்றே சொல்லி வந்தோம். எம் துறையிலும் இச்சொல் இல்லாமல் வண்டி ஓடாது: அடுத்த நிலையத்தார் 'லைன் கிளியர்' கொடுத்த பின்னரே வண்டி இந்நிலையம் விட்டு நகரும். 'தந்தி கொடு' என்பதும் வீட்டுக்கு வீடு வழங்கிய சொல்; 2013 ஆம் ஆண்டில் தந்திச் சேவை நின்றதோடு அதுவும் பழங்கதையாயிற்று.

'கொடு' ஒன்றுதானா நம்மிடம் உள்ளது? இறைவன் அருள்கின்றான்; அரசு வழங்குகின்றது; பல்கலைக்கழகம் பட்டம் அளிக்கின்றது; தாய் சோறு பரிமாறுகின்றாள்; வரியைச் செலுத்துகிறோம்; பொறுப்பை ஒப்படைக்கிறோம். இவற்றை இடம் மாற்றிப் பாருங்கள். 'வருமான வரியை அருளினேன்' என்று எழுதினால், வரித்துறை அதிகாரியும் சிரித்துவிடுவார்!

இவ்வினையின் நுட்பத்தைத் தொல்காப்பியர் நன்கு கண்டார். சொல்லதிகாரத்தின் கிளவியாக்கத்தில், 'தா' என்பது தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியது, 'கொடு' என்பது படர்க்கைக்கு உரியது என்கின்றார். எனக்குத் தா, உனக்குத் தருவேன், அவனுக்குக் கொடு என்பதே அம்முறை. நம் அண்டை வீட்டு மலையாளிகளின் பேச்சை உற்றுக் கேளுங்கள். அவர்கள் இவ்வேறுபாட்டை இன்றும் காத்து வருகின்றனர்.

எச்சவியலில் இன்னும் ஒன்று கூறுகின்றார். ஒருவரிடம் ஒன்றை வேண்டும்போது 'ஈ' என்பது தாழ்ந்தோன் கூற்று. 'தா' என்பது ஒத்தோன் கூற்று. 'கொடு' என்பது உயர்ந்தோன் கூற்று. படர்க்கைக்கு உரிய 'கொடு' தனக்காகக் கேட்பவன் வாயில் எவ்வாறு வந்தது? உயர்ந்தோன் தன்னையே வேறொருவன் போலக் கருதிக் கேட்கின்றான் என்பது அவர் தரும் விளக்கம். கேட்பதற்கு நாணும் மனித உள்ளத்தை இலக்கணத்திலேயே பதிந்து வைத்தார் அப்பெருந்தகை. மற்றொரு வியப்பும் உண்டு. தாழ்ந்தோன் வாய்ச்சொல்லாகிய 'ஈ' என்பதிலிருந்தே 'ஈகை' பிறந்தது. வள்ளுவர் இருபத்து மூன்றாம் அதிகாரத்திற்கு அதனையே பெயராக்கினார்.

வங்காளியில் மூன்று சொற்கள் இல்லை; ஒரே வினையின் வடிவை மாற்றித் 'தே', 'தாவ்', 'தின்' என மூவகை மதிப்பைக் காட்டுவர். நாமும் இன்று 'ஈ' என்பதைப் பேச்சில் இழந்து, 'தாருங்கள்', 'கொடுங்கள்' என இறுதியிலேயே மதிப்பை வைக்கிறோம். உயர்வு தாழ்வு பார்த்துச் சொல் தேடும் நிலை போனது நன்றே.

ஆங்கிலத்தில் இப்படிகள் இல்லை என்று நினைத்திருந்தோம். அந்நினைப்புக்கு யாம் செலுத்திய விலை பெரிது. பணியிற் சேர்ந்த புதிதில், ஊரில் தந்தையார் நோய் முற்றிக் கிடப்பதாகச் செய்தி வந்தது. ஐந்து நாள் விடுப்பு வேண்டி, 'ப்ளீஸ் கிவ் மீ' என்று எழுதி மேலவர் மேசையில் வைத்தோம். அவர் 'கிவ்' என்பதைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, "கிராண்ட் என்று எழுதும், மேலதிகாரிக்குக் கட்டளையா இடுகிறீர்?" என்று திருப்பினார். திருத்தி எழுதிக்கொண்டு போவதற்குள், ஒப்பமிட வேண்டியவர் வீடு திரும்பிவிட்டார். அன்றிரவு சென்னை மெயில் எம்மை விட்டுவிட்டுச் சென்றது. மறுநாள் வண்டியில் சென்ற எமக்குத் தந்தையாரின் முகத்தைக் காண வாய்த்தது; குரலைக் கேட்க வாய்க்கவில்லை.

அவர் காட்டிய பிழை பிழைதான்; மறுக்கவில்லை. ஆயினும் அதனை எமக்கு முன்னரே சொல்லிக்கொடுத்தார் எவருமிலர். திருத்துவதற்கும் ஒரு வேளை உண்டு, ஒரு முறை உண்டு என்பதை யாம் அன்று கற்றோம். பேருந்தில் அச்சிறுமியின் முகம் வாடியபோது எம் கண்முன் நின்றது அந்தச் சிவப்பு வட்டமே.

அவள் வினாவிற்கு வருவோம். இடம் என்பது ஒருவரிடம் உள்ள பொருள், அதைக் கொடுக்கலாம். இறங்குதல் அவளுடைய செயல். அதற்குத் தடையாக நிற்பவர் விலக வேண்டும். ஆகவே தமிழ் அங்கே 'விடு' என்கின்றது. வங்காளியிலோ 'நாம்தே தின்' என்பர். 'இறங்கக் கொடுங்கள்' என்பதே அதன் நேர்ப்பொருள். எனவே அக்குழந்தை பிழையைத் தானாகப் படைக்கவில்லை. நாம் பிழைக்க வந்த ஊரின் நல்ல மொழியைத் தமிழின் வழியே பேசினாள். இவ்விளக்கத்தை மறுவாரம் அவளிடம் சொன்னோம். அன்று முதல் எம்மைக் கண்டால் ஏதேனும் ஒரு சொல்லோடு வந்து நிற்கின்றாள்.

பெற்றோர்களே! பள்ளியில் ஆங்கிலமும் தெருவில் வங்காளியும் நம் குழந்தைகளுக்குக் கிடைக்கின்றன. தமிழ் கிடைக்குமிடம் வீடு ஒன்றே. அவர்கள் தவறும்போது நகைத்தால், மறுமுறை வாய் திறவார், தமிழைப் பறிகொடுப்போம். அருகிருத்திச் சொன்னால், அதுவே சொல்லிக்கொடுத்தல். கொடுக்கக் கொடுக்கக் குறையாத பொருள் அது ஒன்றே அன்றோ?