வயிற்றுப் பொருமலும் மூச்சுப் பரிசோதனையும்
(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், வயிறு குடல் நோய்ப் பிரிவில் பணிபுரியும் செவிலியர் ஆற்றிய உரை)



வயிறு உப்புசம், பொருமல், காத்து பிரியறது, சாப்பிட்டதும் ஓட வேண்டிய அவசரம். இதையெல்லாம் வெளியே சொல்ல நமக்குக் கூச்சம். பஸ்ஸில் போகிற நாளில் காலைச் சாப்பாட்டையே விட்டுவிடுகிறோம். ஒருத்தர் "பருப்பு வாயு" என்பார், இன்னொருத்தர் "முட்டை ஆகாது" என்பார். ஒவ்வொன்றாக நிறுத்தி, கடைசியில் தட்டில் சோறும் ரசமும்தான் மிச்சம். ஏற்கெனவே ரத்தசோகை உள்ள பெண்ணுக்கு இது தாங்குமா, சொல்லுங்க?

எது ஆகவில்லை என்று கண்டுபிடிக்க உதவுவதுதான் மூச்சுப் பரிசோதனை. ஊசி கிடையாது, குழாய் கிடையாது. பாலையே எடுத்துக்குவோம். அதில் லாக்டோஸ் என்ற சர்க்கரை இருக்கிறது. அதைச் செரிக்க வைக்கும் நொதி, வளர வளர நம்மில் பலருக்குக் குறைந்துபோகும். இது நோய் இல்லை, உடம்பு வாகு. செரிக்காத சர்க்கரை பெருங்குடலுக்குப் போனால், அங்கே இருக்கிற கிருமிகள் அதைப் புளிக்க வைக்கும், நம்ம இட்லி மாவு பொங்குகிற மாதிரி. அப்போது ஹைட்ரஜன் வாயு உண்டாகும். மனித உடம்பு தானாக அந்த வாயுவை உண்டாக்காது. அதில் ஒரு பங்கு ரத்தத்தில் கலந்து நுரையீரல் வழியாக மூச்சில் வரும். கருவி அதை அளந்து சொல்லிவிடும்.

முதல் நாள் பருப்பு, பயறு, பால் இல்லாமல் வெள்ளைச் சோறாகச் சாப்பிட்டு, இரவு முழுக்கப் பட்டினியாக வர வேண்டும். வெற்றிலை போடுகிற அக்காமார் அன்று ஒரு பொழுது பொறுத்துக்கணும்! ஆன்டிபயாடிக் மாத்திரை சாப்பிட்டிருந்தால் 4 வாரம் கழித்துத்தான் செய்யலாம். முதலில் ஒரு தடவை ஊத வேண்டும். பிறகு, பெரும்பாலும் 25 கிராம் லாக்டோஸைத் தண்ணீரில் கலந்து கொடுப்பார்கள். அது ஏறக்குறைய அரை லிட்டர் பசும்பாலில் உள்ள அளவு. அப்புறம் அரை மணிக்கொரு தடவை, சுமார் 3 மணி நேரம் ஊத வேண்டும். சிலருக்கு ஹைட்ரஜனுக்குப் பதில் மீத்தேன் வாயு வரும். அதையும் அளந்தால்தான் முடிவு சரியாக இருக்கும்.

இந்தப் பரிசோதனை பெரும்பாலும் நகரத்து ஆஸ்பத்திரிகளில்தான் உண்டு, செலவும் ஆகும். அதனால் முதலில் வீட்டிலேயே 2 வாரம், டீயில் ஊற்றுகிற பால் உட்பட நிறுத்திப் பாருங்க. பிறகு மறுபடி குடித்துப் பாருங்க. நிறுத்தினால் குறைந்து, குடித்தால் திரும்ப வந்தால், காரணம் பாலாக இருக்கலாம். அப்பவும் தயிரையும் மோரையும் விட்டுவிடாதீங்க. உறை ஊற்றியதும் லாக்டோஸில் ஒரு பங்கு குறைந்துவிடும், பலருக்கு ஒத்துக்கொள்ளும். சுண்ணாம்புச் சத்துக்குக் கேழ்வரகும், முள்ளோடு தின்கிற சின்ன மீனும் இருக்கு.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். எடை குறைந்தால், மலத்தில் ரத்தம் போனால், வயிற்றுப்போக்கு தூக்கத்தில் எழுப்பினால், வீட்டில் சோதித்துக்கொண்டு இருக்கக் கூடாது. உடனே டாக்டரைப் பாருங்க. 50 வயதுக்கு மேல் புதிதாக வந்து வாரக்கணக்கில் போகாத உப்புசம், சில பேருக்குச் சினைப்பைப் புற்றுநோயின் அடையாளமாகவும் இருக்கும். அதை வாயு என்று சொல்லி ஓமத் தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்துவிடக் கூடாது.

மேடையில் கேட்கக் கூச்சமாக இருந்தால், சாப்பாட்டு இடைவேளையில் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பேன். தனியாக வந்து கேளுங்க.