மரத்துக்கு ஏழு ஆண்டு, மகளுக்கு ஏழு மாதமா?

(மூவாரில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இந்த மேடையில் எத்தனையோ காதணி விழா நடந்திருக்கிறது. சிலவற்றில் நானே மொய் எழுதியிருக்கிறேன். இன்று நான் என்ன பேசப் போகிறேன் என்று தெரிந்ததும், "அண்ணே, சாப்பாட்டுக்கு முன்னாடி வேணாமே" என்றார் ஒருவர். கவலை வேண்டாம். காது குத்தை ஒழிக்க நான் வரவில்லை. என் கோரிக்கை ஒன்றே ஒன்று: பிள்ளை வாய் திறந்து "எனக்குக் குத்தி விடுங்க" என்று கேட்கிற நாள்வரை ஊசியை எடுக்காதீர்கள்.

பாகோ, பாஞ்சோர், தங்காக் பக்கத்துத் தோட்டங்களில் பிறந்தவர்கள் இங்கே எத்தனை பேர்? கையைத் தூக்குங்கள். பாருங்கள், பாதி மண்டபம்! உங்களைத்தான் கேட்கிறேன். ரப்பர் கன்றை நட்ட மறுமாதமே யாராவது பால் வெட்டினோமா? ஐந்து, ஆறு, ஏழு ஆண்டு காத்திருந்தோம். அடிமரத்தின் சுற்றளவை அளந்து, போதுமான அளவு பருத்த பிறகுதான் பட்டையில் கத்தி வைத்தோம். இளமரத்தைக் கீறியவனைக் கிராணி சும்மா விட்டாரா? துரையின் மரத்துக்கு ஏழு ஆண்டு பொறுத்தவர்கள், பெற்ற மகளுக்கு ஏழு மாதத்துக்கு மேல் பொறுக்க மாட்டோம் என்கிறோமே, இது நியாயமா?

நம் விழாவைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மொட்டை அடித்து, சந்தனம் பூசி, மாலை போட்டு, தாய்மாமன் மடியில் குழந்தையை உட்கார வைக்கிறோம். தலையை ஒருவர் பிடிக்கிறார், கையை ஒருவர் பிடிக்கிறார். வாயில் சர்க்கரை. ஊசி இறங்குகிறது. வீறிட்டு அழுகிறது பிள்ளை. நாம் என்ன செய்கிறோம்? கைதட்டுகிறோம்! படக்காரர் "மாமா, இந்தப் பக்கம் திரும்புங்க" என்கிறார். சீர் எவ்வளவு, மொய் எவ்வளவு என்று நோட்டில் வரிவரியாக இருக்கும். விழா நாயகியின் நினைவில் மட்டும் ஒரு வரியும் இருக்காது.

"அதுதான் நல்லது, சின்ன வயசுல குத்தினா வலி தெரியாது" என்கிறார்கள். இதே நம்பிக்கை பெரிய பெரிய மருத்துவர்களுக்கும் இருந்தது. 1980கள் வரை பச்சிளங் குழந்தைகளுக்குப் போதிய மயக்க மருந்து கொடுக்காமலே அறுவை சிகிச்சை செய்தவர்கள் உண்டு. இந்தியாவில் பிறந்த மருத்துவர் கன்வல்ஜீத் சிங் ஆனந்த் 1987இல் வெளியிட்ட ஆய்வுகள்தான் அந்த எண்ணத்தை ஆட்டிப் பார்த்தன. பிறந்த குழந்தைக்கும் வலிக்கும். அதற்குச் சொல்லத் தெரியாது, அவ்வளவுதான்.

"அப்படியானால் தடுப்பூசியும் வலிக்குமே?" நல்ல கேள்வி. நம் மலேசியாவில் 2, 3, 5 மாதங்களில் அடுத்தடுத்து ஊசி போடுகிறோம். அந்த வலிக்குக் கூலியாகக் கக்குவானும், ரணஜன்னியும், இளம்பிள்ளை வாதமும் பிள்ளையை அண்டாமல் இருக்கின்றன. தோடு எந்த நோயைத் தடுக்கிறது, சொல்லுங்கள்?

உடனே ஒருவர் வாட்ஸ்அப்பைத் திறப்பார். காது மடலில் மூளை நரம்பு இருக்கிறதாம், குத்தினால் ஞாபக சக்தி பெருகுமாம், நம் முன்னோர் கண்டுபிடித்த விஞ்ஞானமாம். ஐயா, பிள்ளைக்குக் குத்துவது இருக்கட்டும், முதலில் நமக்கல்லவா காது குத்துகிறார்கள்! முன்னோர் சொன்னதை முன்னோரிடமே கேட்போம். சுசுருத சம்ஹிதையில் காது குத்தும் முறை இருக்கிறது. ஆறாம் அல்லது ஏழாம் மாதம் என்கிறது. குழந்தைக்குப் பொம்மை காட்டி, வெயிலில் மடலைப் பிடித்துப் பார்த்து, ஒளி ஊடுருவும் இடத்தில் குத்தச் சொல்கிறது. காரணம் என்ன சொல்கிறது? இரண்டுதான்: காப்பு, அழகு. அதே அத்தியாயத்தில் அறுந்த காதை ஒட்டுப்போடப் பதினைந்து முறைகளும் உண்டு. காது கெட்டுப்போகும் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அந்தப் பக்கத்தை மட்டும் யாரும் அனுப்புவதில்லை.

இன்னொரு வாதம் உண்டு. அதை நான் மதிக்கிறேன். வயது ஏறிக் குத்தினால் சிலருக்குத் தழும்பு கட்டியாக வளரும், கெலாய்டு என்பார்கள். உண்மைதான். 11 வயதிலோ அதற்கு மேலோ குத்தியவர்களுக்கே அது அதிகம் வந்ததாக 2005இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. சரி, குடும்பத்தில் அப்படித் தழும்பு உள்ளவர்கள் பதினொன்றுக்கு முன்பே முடித்துக்கொள்ளட்டும். பதினொன்றுக்கும் ஏழு மாதத்துக்கும் நடுவில் பத்து ஆண்டு இருக்கிறதே! அந்தப் பத்தில் பிள்ளை பேசும், கேட்கும், தன் காதைத் தானே கழுவும். தானே பார்த்துக்கொள்ளும் வயது வரட்டும் என்றுதான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகமும் சொல்கிறது.

அப்புறம் ஏன் அவசரம்? ஒரே ஒரு சொல்லுக்குப் பயந்துதான். "மூளி." "என்ன, புள்ள மூளிக் காதோட இருக்கு?" என்று ஒரு கிழவி கேட்டுவிடுவாளே என்ற பயம். என் அப்பாயி ராமநாதபுரத்திலிருந்து கப்பலேறி வந்தவள். தண்டட்டி போட்டு வளர்த்த காது, தோள் வரை தொங்கும். சப்பான்காரன் காலத்தில் தண்டட்டி மரவள்ளிக் கிழங்காகிப் போனது. மிச்ச ஆயுளை வெறுங்காதோடுதான் கழித்தாள். அவளை மூளி என்று சொல்ல யாருக்கு வாய் வந்தது? அவள் பேத்திகள் காது வளர்க்கவில்லை, பேரன்கள் கடுக்கன் போடவில்லை. பையன்களுக்கு ஒப்புக்குக் குத்தி, பள்ளிக்கூடம் சேர்க்கும் முன்பே கழற்றிவிடுகிறோம். இவ்வளவு மாற்றிய பிறகும் தமிழ் அழிந்ததா, தமிழர் அழிந்தோமா? அப்படியிருக்க, தேதியை மட்டும் மாற்றக் கூடாதா?

நம் சமயத்திலேயே வழி இருக்கிறது. தைப்பூசத்தில் அலகு குத்துகிறோம். யாருக்குக் குத்துகிறோம்? நேர்ந்துகொண்டவனுக்கு. அவனே விரதம் இருக்கிறான், அவனே நாக்கை நீட்டுகிறான், அவனே பத்துமலையில் 272 படி ஏறுகிறான். அண்ணன் நேர்ந்துகொண்டான் என்று தம்பி கன்னத்தில் வேல் ஏற்றினால் முருகனே ஏற்பானா? அடுத்தவன் உடம்பில் நம் வேண்டுதலை நிறைவேற்ற முடியாது என்பது நமக்குத் தெரியும். மழலைக்கு வரும்போது மட்டும் மறந்துபோகிறது.

இதற்குச் சட்டம் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. 2015இல் பிரிட்டனில் குழந்தைகளுக்குக் காது குத்துவதைத் தடைசெய்யச் சொல்லிப் பல்லாயிரம் பேர் கையெழுத்திட்டார்கள். நம் வீட்டு விழாவுக்குள் போலீஸ்காரர் வருவதை நான் விரும்பவில்லை. நம் பிள்ளைகளுக்கான நியாயத்தை நாமே செய்வோம்.

பிள்ளை கேட்ட பிறகு செய்வதையும் சரியாகச் செய்யுங்கள். தடுப்பூசி பாக்கி இருக்கக் கூடாது. பேரங்காடியில் வைத்திருக்கும் காது குத்தும் துப்பாக்கி வேண்டாம். அதன் பிளாஸ்டிக் உடம்பைக் கொதிக்கும் நீராவியில் வைத்துக் கிருமி நீக்க முடியாது, சதையையும் நசுக்கித்தான் துளைக்கிறது. புதிதாகப் பிரித்த ஊசி, கழுவிய கை போதும். மலிவு உலோகத்தில் நிக்கல் இருக்கும், அரிப்பு வரும். நல்ல தங்கத்தில் சின்னத் தோடு போடுங்கள். ஆறு வாரமாவது சுத்தமாக வைத்திருங்கள்.

கடைசியாக என் வீட்டுக் கதை. என் மகள் ஆறு வயதில் தோடு கேட்டாள். "வலிக்கும்மா" என்றேன். யோசித்துவிட்டு, "அப்ப வேணாம்ப்பா" என்று போய்விட்டாள். ஓராண்டு கழித்து அவளே வந்தாள். மாமன் மடியில் உட்கார்ந்தபோது கால் தரையைத் தொட்டது. "பொண்ணு கனக்குது" என்று மச்சான் முனகினார். ஒரு காது முடிந்தது. கண்ணில் நீர் முட்ட, "கொஞ்சம் இருங்க" என்றாள். ஆசாரி ஊசியோடு நின்றார். மாமன் காத்திருந்தார். பாட்டுச் சத்தத்தைக் குறைத்தார்கள். அத்தனை பெரியவர்களும் ஓர் ஏழு வயதுப் பெண்ணின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மூச்சை இழுத்துவிட்டு, "ம், குத்துங்க" என்றாள்.

தாய்மார்களே, நம் வீட்டுப் பெண் "இருங்க" என்றதும் ஊர் நிற்க வேண்டும். அவள் அதைப் பழகுவதற்குக் காது குத்தைவிட நல்ல மேடை ஏது? விழாவை நடத்துங்கள், சீர் கொண்டு வாருங்கள், விருந்து போடுங்கள். அவள் கேட்கட்டும், அதற்குப் பிறகு.