தொண்டுக்கும் ஊதியம் வேண்டும்



“பொதுத்தொண்டு வயிற்றை நிரப்புமா?” என்று நீங்கள் கேட்பது நியாயந்தான். வேலையில்லாத் திண்டாட்டம் மிகுந்திருந்த 1933-இல், அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் இளைஞர்களைக் காடு வளர்க்க அழைத்தார். மாதம் 30 டாலர் சம்பளம்; அதில் சுமார் 25 டாலர் நேரே வீட்டுக்குப் போய்விடும். 1942-க்குள் ஏறத்தாழ 300 கோடி மரங்களை நட்டார்கள்.

அங்கே கலிபோர்னியா மாநிலமும் 2020-இல் பருவநிலைத் தொண்டர் படையைத் தொடங்கி, மரம் நடவும் காட்டுத்தீயைத் தடுக்கவும் வந்த இளையோருக்கு உதவித்தொகை கொடுத்தது.

காசு எதற்கு? சும்மா செய் என்றால் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைதான் வரும். அதுவே தலைமைக்கும் வரும். வெயிலும் வெள்ளமும் முதலில் வாட்டுவதோ உழைப்பாளி வீட்டை! அந்த வீட்டுப் பிள்ளை தலைமை ஏற்க வேண்டாமா?

ஆகவே, இப்படியொரு வாய்ப்பு உங்கள் பிள்ளைக்கு வந்தால் “வெட்டி வேலை” என்று தடுத்துவிடாதீர்கள். ஊதியம் உண்டா என்று கேளுங்கள், வாழ்த்தி அனுப்புங்கள்.