வீட்டுத் தோட்டமும் நெல் வயலின் பழக்கமும்

(நாகப்பட்டினம் பகுதிக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்குரிய சொற்பொழிவு)



காவேரிப் பாசனத்தின் கடைமடையில் வாழும் நாகப்பட்டினம் பகுதிக் குடியானவருக்கு நெல் சாகுபடியைப் பற்றி எவரும் போதிக்க வேண்டுவதில்லை. நாற்றங்காலும் நடவும் அவருக்குப் பரம்பரை வித்தை. ஆயினும் அதே குடியானவர் வீட்டுக் கொல்லையில் கத்தரியும் தக்காளியும் பயிரிட முற்படும்போது, முதல் வருஷத்திலேயே நஷ்டமடைந்து, "இந்த மண்ணுக்குக் காய்கறி வராது" என்று கைவிட்டு விடுவதுண்டு. அதன் பலன் யாது? களஞ்சியத்தில் நெல் உள்ள வீட்டில் காய்க்காகத் தினந்தோறும் ரொக்கம் செலவாகிறது. குழந்தைகளின் இலையில் சோறு மிகுந்து, கீரையும் காயும் குறைகின்றன. குற்றம் மண்ணினுடையது அன்று. வயலின் பழக்கத்தை அப்படியே கொல்லைக்குக் கொண்டு செல்வதே பெரும்பாலான பிழைகளுக்கு மூலமாகும்.

முதலாவது பிழை, நீரைத் தேக்குவது. நெற்பயிரின் தண்டினுள் காற்றுச் செல்லும் வழிகள் உண்டு. ஆகவே அதன் வேர் நீரில் நின்றும் சுவாசிக்கும். கத்தரிக்கும் மிளகாய்க்கும் அவ்வசதி இல்லை. களிமண்ணின் துளைகளில் நீர் நிரம்பினால் அவற்றின் வேர் மூச்சுத் திணறி அழுகும். அழுகிய வேர் நீரை உறிஞ்சாதாகையால் இலைகள் வாடித் தொங்கும். புதிதாகத் தோட்டம் போட்டவர் அதைத் தாகமென்று எண்ணி மேலும் இரண்டு குடம் ஊற்றுவார். செடி அடியோடு மடியும். இதற்குப் பரிகாரம் எளிது. நீர் விடுவதற்கு முன் விரலை இரண்டு அங்குல ஆழம் மண்ணில் செலுத்திப் பார்க்க வேண்டும். அங்கே ஈரம் இருந்தால் அன்று நீர் வேண்டாம். களிமண் நிலத்தில் 3 அடி அகலமும் முக்கால் அடி உயரமுமுள்ள மேட்டுப்பாத்தி அமைத்து, இடையே வடிகால் விட வேண்டும். கடலோர மணற்பாங்கில் நிலைமை இதற்கு நேர்மாறானது. அங்கே மேட்டுப்பாத்தி விரைவில் காய்ந்துவிடும். ஆதலால் கோடையில் சமப்பாத்தி அமைத்து, மக்கிய எருவை மிகுதியாகக் கலந்து, மேலே வைக்கோல் பரப்பி, சிறிது சிறிதாக அடிக்கடி நீர் விடுவதே முறை.

இரண்டாவது பிழை, பருவத்தை ஆராயாமை. மேட்டூர் அணை 1934ஆம் வருஷத்தில் கட்டி முடிக்கப்பட்டது. ஜூன் 12ஆம் தேதியன்று அதைத் திறப்பது வழக்கம். நீர் இருப்பைப் பொறுத்து அத்தேதி மாறுவதும் உண்டு. நெல்லுக்கு அந்தத் தண்ணீரே நாள் குறிக்கிறது. கொல்லைக்கோ மழையே நாள் குறிக்கிறது. "ஆடிப்பட்டம் தேடி விதை" என்பது மெய்யே. ஆயினும் ஆடியில் விதைத்த கத்தரி, ஐப்பசி கார்த்திகை அடைமழையில் காய்ப்புக் காலத்தில் அகப்பட்டுக்கொள்ளும். தாழ்ந்த நிலமுடையவர் மழை ஓய்ந்தபின் தைப்பட்டத்தில் தொடங்குவது உத்தமம். ஆடிப்பட்டத்திலேயே தொடங்க விரும்புவோர் மேடான இடத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2018ஆம் வருஷம் நவம்பர் 16ஆம் தேதி வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயலையும் மறத்தலாகாது. புடலை, பாகல் பந்தல்களை ஐப்பசிக்குமுன் ஆழமான கால்களிட்டுக் கட்டவேண்டும்.

மூன்றாவது பிழை, நீரின் உப்பைச் சோதியாமை. கடலோரக் கிணறுகளில் மழைக்குப்பின் நன்னீராயிருப்பது சித்திரையில் உவர்த்துப்போகலாம். இலையோரம் கருகினால் பூச்சியென்று மருந்தடிக்குமுன் நீரைச் சந்தேகிக்க வேண்டும். வேளாண்மைத் துறையின் பரிசோதனை நிலையத்தில் மண்ணையும் நீரையும் கொடுத்து அறிந்துகொள்ளலாம். பீன்ஸ், காரட், வெங்காயம் ஆகியவை உப்பைத் தாங்கா. கொத்தவரை, தட்டைப்பயறு, பீட்ரூட் ஆகியவை ஓரளவு தாங்கும். உவர் வேறு, களர் வேறு என்பதும் நினைவிலிருக்க வேண்டும். உவர்நிலத்தை நன்னீரால் கழுவி வடித்தால் போதும். களர்நிலத்துக்கே ஜிப்சம் தேவை. வடிகாலின்றி எதுவும் பயன் தராது. 2004ஆம் வருஷம் டிசம்பர் 26ஆம் தேதி ஆழிப்பேரலை இப்பகுதி வயல்களில் கடல்நீரை நிரப்பியபோது, அந்நிலங்கள் இனி உதவா என்று பலர் கலங்கினர். படிந்த சேற்றை அகற்றி, மழைநீரைத் தேக்கி வடித்து, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுததனால் அவற்றில் பல மீண்டும் பயிருக்கு வந்தன. வயல் மீண்ட இடத்தில் கொல்லை மீளாதோ?

நான்காவது பிழை, பச்சைச் சாணத்தை இடுவது. மக்காத சாணம் மண்ணில் சூடேறி இளவேரைச் சுடும். புழுக்களையும் கறையானையும் அழைக்கும். சில மாதங்கள் குழியிலிட்டு, கருத்துப் பொடியாகி, நாற்றம் நீங்கிய எருவையே இடவேண்டும். தென்னையுள்ள இடங்களில் எருக்குழியைக் கிளறி, காண்டாமிருக வண்டின் வெண்புழுக்களைப் பொறுக்கி அழிப்பதும் அவசியம்.

ஐந்தாவது பிழை, நெருக்கமாகவும் ஆழமாகவும் விதைப்பது. விதையின் பருமனைப்போல் இரண்டு மூன்று மடங்கு ஆழமே போதும். கீரை விதையை மணலுடன் கலந்து தூவ வேண்டும். நாற்று நெருங்கினால் நாற்றழுகல் நோய் காணும். கத்தரி, தக்காளி நாற்றுகளை ஏறத்தாழ 25 முதல் 30 நாட்களில் பிடுங்கி, மாலை வேளையில் நடவேண்டும். உச்சிவெயிலில் நடுவது செடியைக் கொல்வதற்கு ஒப்பாகும்.

ஆறாவதாக ஒரு வீண் அச்சமும் உண்டு. பூசணியும் சுரையும் பூத்துப் பூத்து உதிர்கின்றன என்று வீட்டிலுள்ள பெண்மக்கள் வருந்துவர். முதலில் மலர்வன பெரும்பாலும் ஆண் பூக்கள். அவை உதிர்வது இயல்பு. அடியில் சிறு பிஞ்சுடன் தோன்றுவதே பெண் பூ. அதுவும் பழுத்து விழுமாயின் தேனீ வரவில்லையென்று அறிய வேண்டும். பூசணியில் காலை வேளையிலும், மாலையில் மலரும் சுரையில் அந்தி வேளையிலும், ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவின் நடுவில் மெல்லத் தடவினால் பிஞ்சு நிற்கும். பூக்கும் காலத்தில் பூச்சிமருந்து அடிப்பவர் உதவிக்கு வரும் தேனீயையே கொல்கிறார்.

கடைசிப் பிழை, அளவு மீறுவது. முதல் வருஷத்திலேயே கடன் வாங்கி அரை ஏக்கரில் தோட்டம் போடுகிறவர் களைக்கும் கூலிக்கும் ஈடுகொடுக்க முடியாமல் தளர்வார். 1 சென்டு, அதாவது சுமார் 435 சதுர அடி, தொடக்கத்துக்குப் போதும். எல்லா விதையையும் ஒரே நாளில் இட்டால் ஒரு வாரம் காய் குவிந்து மறுமாதம் கூடை வெறுமையாகும். பதினைந்து நாள் இடைவிட்டுச் சிறிது சிறிதாக விதைப்பது நலம். வீரிய ஒட்டுவிதைச் செடியிலிருந்து விதை எடுத்து வைப்பதும் வீண். அடுத்த தலைமுறை தாயைப்போல் அமையாது. நாட்டு விதையாயின் முற்றிய நற்காயிலிருந்து எடுக்கலாம்.

இவற்றுள் பல தனியொருவருக்குப் பாரமாகவும் சங்கத்துக்கு இலகுவாகவும் இருக்கும். பத்து அங்கத்தினர் சேர்ந்து விதை வாங்கினால் ஒரு பொட்டலம் பத்து வீட்டுக்குப் பங்காகும். ஒருவர் கிணற்று நீரின் சோதனை முடிவு அண்டை வீட்டாருக்கும் எச்சரிக்கையாகும். ஒவ்வொருவரும் விதைத்த நாள், நீர் விட்ட நாள், காய் பறித்த அளவு ஆகியவற்றை ஒரு சிறு புத்தகத்தில் குறித்துவந்து சங்கக் கூட்டத்தில் எடுத்துரைத்தால், ஒருவர் செய்த பிழையை மற்றவர் செய்ய நேராது. நெல்லில் தேர்ந்த கைகளுக்குக் கொல்லை அரியதன்று. வயலில் கற்றதில் எதைக் கொண்டு வருவது, எதை வரப்போடு விட்டு வருவது என்று தெரிந்துகொண்டால் போதும்.