ஆராய்ச்சிப் பட்டம் எதற்கு?

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



நான் பெற்ற ஆராய்ச்சி முதுமாணிப் பட்டத்தைப்பற்றிச் சில வார்த்தைகள் பேசவேண்டும் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். பட்டத்தைப்பற்றிப் பேசுவதிலும், அதைத் தேடிப் போகவைத்த கேள்வியைப்பற்றிப் பேசுவதே பயன் தரும் என்று கருதுகிறேன்.

என் துறை தொழில்வழிச் சிகிச்சை. பாரிசவாதம், விபத்து, மனநோய், பிறவிக்குறை முதலியவற்றால் அன்றாடக் கருமங்களைச் செய்ய இயலாதோரை மீண்டும் செய்யப் பயிற்றுவதே இதன் நோக்கம். உண்பது, உடுப்பது, எழுதுவது, சமைப்பது, உழைப்பது யாவும் இதில் அடங்கும். 1917ஆம் ஆண்டு, ஐக்கிய அமெரிக்காவிலே கிளிப்டன் ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரிற் சிலர் கூடி இத்துறைக்கு ஒரு சங்கம் நிறுவினர். அவர்களுள் ஒருவரான ஜோர்ஜ் பார்ட்டன் வைத்தியரல்லர், கட்டிடக் கலைஞர். காசநோயாலும், இடப்பக்கம் செயலிழந்தும் வருந்தியவர். 1952இல் இத்துறைக்கு உலக சம்மேளனம் உருவாயிற்று. அதைத் தொடங்கிய பத்து நாடுகளுள் இந்தியாவும் ஒன்று.

நான் வைத்தியசாலையில் வேலை தொடங்கிய காலம். பாரிசவாதத்தால் வலக்கை வலுவிழந்த ஆச்சி ஒருவர் வந்தார். சிறு மரமுளைகளை எடுத்துத் துளைகளில் வைக்கும் பயிற்சியை அவருக்கு நாள்தோறும் கொடுத்தேன். ஒருநாள் அவர், "தம்பி, உந்தக் கட்டையளை எடுத்து வைச்சால் நான் திரும்பப் பிட்டுக் கொத்துவனோ?" என்று கேட்டார். "ஓம், ஆச்சி" என்றேன். சொன்னேனேயன்றி, அது உண்மையோ என்று நான் அறியேன். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

இத்தகைய கேள்விக்கு ஊகத்தால் விடை கூறலாகாது. விடை காணும் முறைக்கு ஓர் உதாரணம் சொல்வேன். லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் முதியோர் 361 பேரை வைத்துச் செய்த ஆராய்ச்சியொன்றைப் புளோரன்ஸ் கிளார்க் அம்மையாரும் குழுவினரும் 1997இல் வெளியிட்டனர். முதியோரைச் சீட்டுக் குலுக்குவதுபோல மூன்று கூட்டமாகப் பிரித்தனர். ஒரு கூட்டத்தார்க்கு ஒன்பது மாதம் தொழில்வழிச் சிகிச்சை. மற்றொரு கூட்டத்தார் ஒன்றுகூடிப் பொழுதுபோக்கினர். மூன்றாங் கூட்டத்தார்க்கு ஒன்றும் இல்லை. முதற் கூட்டத்தார் உடல்நலத்திலும் செயற்றிறனிலும் வாழ்க்கைத் திருப்தியிலும் நன்மையடைந்தனர். பொழுதுபோக்கியவர்களோ ஒன்றும் பெறாதவரிலும் மேம்படவில்லை. அந்த இரண்டாங் கூட்டம் இல்லாதிருந்தால், நன்மை தந்தது சிகிச்சையோ வெறுங் கூட்டுறவோ என்று எவராற் கூறமுடியும்?

முதுமாணிப் படிப்பு இருவகை. ஒன்று பெரும்பாலும் பாடங் கேட்டுப் பரீட்சை எழுதுவது. மற்றையது ஆராய்ச்சி. இதில் ஒரு கேள்வியைத் தெரிந்து, முன்னோர் எழுதியவற்றைக் கற்று, ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதி பெற்று, நோயாளரின் மனமுவந்த சம்மதத்துடன் அளந்து, கணித்து, ஆய்வேடு எழுதவேண்டும். விடை நமக்கு மாறாக வந்தாலும் மறையாது எழுதவேண்டும். அதுவே கடினமான பாடம்.

அப்படிக் கற்கும்போது, கனடாவில் உருவாகி 1991இல் வெளிவந்த ஓர் அளவுகோலை அறிந்தேன். "உமக்கு முக்கியமான கருமம் எது? அதை எவ்வளவு செய்கிறீர்? அதில் எவ்வளவு திருப்தி?" என்று நோயாளரையே கேட்டு, ஒன்று முதற் பத்துவரை புள்ளியிடச் செய்வது அது. படித்தவுடன் ஆச்சியின் முகமே முன்னின்றது. அவரிடம் நான் கேளாது விட்ட கேள்வி அது. மரமுளையைத் தெரிந்தவன் நான். பிட்டைத் தெரிந்தவர் அவர்.

என் ஆய்வேடு அவர் கேள்விக்கு முழு விடை தந்துவிடவில்லை. ஆனால் இன்று எந்த நோயாளரிடமும் முதலில் அவருக்கு வேண்டியதைக் கேட்கிறேன். அறியாததற்கு "ஓம்" சொல்வதில்லை.

இளைஞர்களே, இத்துறையிற் புகுவோர் முதலிற் சில ஆண்டு நோயாளருடன் வேலை செய்யுங்கள். நித்திரையைக் கெடுக்கும் கேள்வி ஒன்று வரும். அதைச் சிறிதாக்கி, நல்ல வழிகாட்டியைத் தேடி, புள்ளிவிபரக் கணிதத்துக்கு அஞ்சாது படியுங்கள். பெரியோர்களே, பிள்ளை இவ்வழி போக விரும்பினால், "சம்பளம் எவ்வளவு கூடும்?" என்று கேட்குமுன், "உன் கேள்வி என்ன?" என்று கேளுங்கள்.