பூம்பாறைக்குப் போகும் வழியில்

இன்றைக்கு உங்களைக் கொடைக்கானலுக்குக் கூப்பிடுகிறேன். ஏரி, படகு, தூண் பாறை, கோக்கர்ஸ் வாக், குணா குகை எல்லாம் உங்களுக்கே தெரியும். பாதிப் பேர் கல்யாணமான புதிதில் போயிருப்பீர்கள், மீதிப் பேர் பள்ளிச் சுற்றுலாவில் போயிருப்பீர்கள். அதனால் அவற்றை விட்டுவிடுகிறேன். நான் கூட்டிப்போக நினைப்பது பூம்பாறைக்கு. கொடைக்கானலிலிருந்து மேற்கே இருபது கிலோமீட்டருக்குள் இருக்கிற பூண்டு விளையும் கிராமம்.

எனக்குச் சொந்த ஊர் வத்தலக்குண்டு. எழுத்தாளர்கள் ராஜமய்யரும் பி.எஸ். ராமையாவும் சி.சு. செல்லப்பாவும் எங்கள் ஊர்க்காரர்கள் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு இன்றும் தனிப் பெருமை. மலை எங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்தே தெரியும். மழைக்காலத்தில் மலைமேல் மூட்டம் இறங்கினால், "அத்தை வீட்டில் இன்னும் விளக்கு வைத்திருக்க மாட்டாங்க" என்று அம்மா சொல்வார். அத்தையைக் கட்டிக்கொடுத்தது கொடைக்கானலில், மூஞ்சிக்கல் பக்கம். முழுப்பரீட்சை முடிந்த மறுநாளே எனக்கு பஸ்.

காட்ரோடு தாண்டியதும் வளைவுகள் தொடங்கும். டம் டம் பாறையில் பஸ் திரும்பும்போது இடப்பக்கமா வலப்பக்கமா என்று அடித்துக்கொண்டு ஜன்னலுக்குப் பாய்வோம், எலிவால் அருவியைப் பார்க்க. கிட்டத்தட்ட முந்நூறு மீட்டர் உயரத்திலிருந்து விழுகிற தண்ணீர், அவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தால் உண்மையிலேயே எலி வால்தான். ஊத்து வந்ததும் டீக்கு நிறுத்துவார்கள். அங்கே இறங்கும்போது காது அடைத்திருக்கும், கையில் முதல் குளிர் ஏறும். பெருமாள்மலை, செண்பகனூர், அப்புறம் அத்தை வீடு.

அத்தை வீட்டுச் சாப்பாட்டைச் சொல்லாமல் போனால் பாவம். பட்டர் பீன்ஸ் தெரியுமில்லையா? வெள்ளையாக, தட்டையாக, வெந்தால் வெண்ணெய் போலக் கரையும். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பச்சையாக வாங்கி, எல்லாரும் உட்கார்ந்து உரித்து, தேங்காய் அரைத்துவிட்டு ஒரு குழம்பு. அதோடு மலைப்பூண்டு தட்டிப்போட்ட ரசம். பூண்டை அடுப்புக்கு மேலே பரணில் கொத்துக் கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். புகை பட்டுப் பட்டுத் தோல் பழுப்பேறியிருக்கும். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது நான் முதலில் நினைத்தது அந்தப் பரணைத்தான்.

மாமாவுக்குப் பூண்டு வியாபாரம். நான் ஏழாவது முடித்த வருஷம், "வா மாப்ளே, பூம்பாறைக்குப் போய்ட்டு வரலாம்" என்று வேனில் ஏற்றிக்கொண்டார். ஊரைத் தாண்டி மேட்டில் ஏறும்போது வண்டி சூடாகி நின்றுவிட்டது. நின்ற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு வாசல். மேலே உருண்டைக் கூரைகள். "இதென்ன மாமா, கோவிலா?" என்றேன். "சூரியனைப் பாக்குற ஆபீசு" என்றார்.

வண்டி ஆறும் வரைக்கும் உள்ளே போனோம். அங்கே வேலை பார்த்த ஒருவர், பெயர் கேட்டுக்கொள்ளத் தோன்றவில்லை, எங்களை இருட்டறைக்குள் அழைத்துப்போய் ஒரு வெள்ளைத் தாளைக் காட்டினார். தாளில் ஒரு சாண் அகலத்துக்கு வெளிச்ச வட்டம். "இதுதான் சூரியன்" என்றார். அதன் ஓரமாக மிளகு மாதிரி ஒரு கறுப்பு. தாளில் அழுக்கு என்று நினைத்துத் துடைக்கக் கை நீட்டினேன். கறுப்பு என் விரல்மேல் ஏறி நின்றது. "அது சூரியனில் இருக்கிற கரும்புள்ளி தம்பி. இந்த வட்டத்தில் நம்ம பூமியை வைத்தால் ஒரு கடுகு அளவுதான் வரும்" என்றார். நேயர்களே, அன்றைக்கு விரலில் நின்ற அந்த மிளகை நான் இன்னும் இறக்கி வைக்கவில்லை.

பிறகு வளர்ந்து படித்தபோதுதான் அந்த ஆபீஸ் ஏன் அங்கே வந்தது என்று தெரிந்தது. கொடைக்கானலில் வெள்ளைக்காரர்கள் குடியேறிய கதை நமக்குத் தெரியும். மதுரையிலிருந்த அமெரிக்க மிஷனரிகள் காய்ச்சலுக்குப் பயந்து 1845ல் ஏறிவந்து இரண்டு பங்களா கட்டினார்கள். மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் 1863ல் ஓடையை மறித்து ஏரி வெட்டினார். எல்லாம் குளிருக்காக வந்தவர்கள். இந்த ஆய்வுக்கூடம் மட்டும் குளிருக்காக வரவில்லை. பஞ்சத்தால் வந்தது.

தாது வருஷத்துப் பஞ்சம் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1876 தொடங்கி 1878 வரைக்கும். அரைக் கோடிக்கும் மேல் மக்கள் செத்தார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் கணக்குச் சொல்கிறார்கள். எங்கள் அப்பத்தா இலையில் சோறு மிஞ்சினால் திட்டமாட்டார். "எங்க பாட்டி தாது வருஷத்துல புளியங்கொட்டையை வறுத்துத் தின்னவ" என்று மட்டும் சொல்வார். அதற்கப்புறம் இலையில் ஒரு பருக்கை நிற்காது.

மழை ஏன் பொய்த்தது? இந்தக் கேள்வி அந்தக் காலத்து அறிவியலாளர்களை விடவில்லை. சூரியனில் கரும்புள்ளிகள் சுமார் பதினொரு வருஷத்துக்கு ஒருமுறை கூடிக் குறைகின்றன. மழையும் அதன்படி கூடிக் குறைகிறதோ என்று சிலர் நினைத்தார்கள். அப்படியானால் சூரியனைத் தினமும் பார்த்துக் குறித்துக்கொண்டே வந்தால் அடுத்த பஞ்சத்தை முன்கூட்டியே சொல்லலாமே! சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792 முதல் ஒரு வானாய்வுக்கூடம் இருந்தது. ஆனால் சூரியனைத் தெளிவாகப் பார்க்கத் தூசியும் வெக்கையும் இல்லாத உயரம் வேண்டும். சென்னை கிறித்தவக் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்த மிச்சி ஸ்மித், நீலகிரியையும் பழனி மலையையும் ஆராய்ந்தார். பழனி மலை வென்றது. 1895ல் அடிக்கல். 1899ல் சென்னையிலிருந்து இடமாற்றம். 1901ல் கவனிப்பு தொடங்கியது.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அப்போது நம் மோட்டார் சாலை கிடையாது. பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து செண்பகனூர் வழியாக ஒற்றையடிக் குதிரைப் பாதை. துரைமார்கள் டோலியில் போனார்கள், அந்த டோலியை நம் ஆட்கள் சுமந்தார்கள். தொலைநோக்கியின் கண்ணாடியும் இரும்பும் வேறெப்படி மேலே போயிருக்கும்? சுமந்தவர்களில் பஞ்சத்தில் பிழைத்தவர்கள் இருந்திருப்பார்கள். என்ன சுமக்கிறோம், எதற்குச் சுமக்கிறோம் என்று அவர்களுக்கு யாராவது சொல்லியிருப்பார்களா? சொல்லியிருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

மழைக்கும் கரும்புள்ளிக்கும் நேர்க்கணக்கு எதுவும் கிடைத்துவிடவில்லை. ஆனால் வேறொன்று கிடைத்தது. 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட் என்பவர் அந்தக் குன்றின்மேல் உட்கார்ந்து, கரும்புள்ளியைச் சுற்றியிருக்கிற நிழல் பகுதியில் வாயு உள்ளிருந்து வெளிப்பக்கமாகப் பாய்கிறது என்று கண்டுபிடித்தார். உலகத்தில் எந்த மொழியில் சூரியனைப் பற்றிப் படித்தாலும் இன்றைக்கும் அதற்குப் பெயர் எவர்ஷெட் விளைவு. கண்டுபிடித்த இடம் நம் கொடைக்கானல். அவருடைய மனைவி மேரியும் வானியலாளர்தான், தென்வானத்து நட்சத்திரங்களுக்கு ஒரு வழிகாட்டிப் புத்தகமே எழுதியவர்.

அதைவிடப் பெரிதாக எனக்குத் தோன்றுவது இன்னொன்று. 1904லிருந்து அங்கே, வானம் திறந்திருக்கிற ஒவ்வொரு நாளும் சூரியனைப் படம் எடுத்து வருகிறார்கள். இரண்டு உலகப்போர், சுதந்திரம், எல்லாம் வந்துபோன வருஷங்களிலும் காலையில் ஒருவர் போய்க் கூரையைத் திறந்திருக்கிறார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள். இப்போது அவற்றைக் கணினியில் ஏற்றி உலகம் முழுக்க ஆய்வாளர்கள் பயன்படுத்துகிறார்கள். நூறு வருஷத்துக்கு மேல் ஒரே இடத்திலிருந்து எடுத்த சூரியக் கணக்கு உலகில் மிகச் சில இடங்களில்தான் உண்டு. சுற்றுலா விளம்பரங்களில் இதை ஒரு வரி எழுதுகிறார்களா என்று தேடிப்பார்க்கிறேன். இல்லை. அது எனக்கு வருத்தம்.

1960ல் வானியலாளர் வைணு பாப்பு பொறுப்புக்கு வந்த அதே சமயத்தில் அங்கே ஒரு சூரியக் கோபுரமும் வந்தது. கோபுரத்துக்கு மேலே இரண்டடி அகலக் கண்ணாடி வெளிச்சத்தைப் பிடித்துக் கீழே இறக்கும். தரைக்கு அடியில் அறுபது மீட்டர் நீளச் சுரங்கத்தில் அந்த வெளிச்சம் படுக்கைவாட்டில் ஓடும். சூரிய ஒளியைக் கிணற்று வாளி மாதிரி இறக்கி, வாய்க்காலில் விட்டிருக்கிறார்கள்! அதே வைணு பாப்புதான் பிறகு இரவு வானத்துக்காக ஜவ்வாது மலையில் காவலூரைத் தேடிப் பிடித்தார். அது இன்னொரு நாள் பேச வேண்டிய கதை.

பூம்பாறையை மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். அன்றைக்கு வண்டி ஆறிப் போய்ச் சேரும்போது மதியம். படிப்படியாக இறங்குகிற பூண்டு வயல், அடுக்கடுக்கான வீடுகள், நடுவில் குழந்தை வேலப்பர் கோவில். மாமா விலை பேசினார். ஒரு வீட்டில் சோறு போட்டார்கள். ரசத்தில் கடுகு மிதந்தது. நான் சாப்பிடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன், "உடம்பு சரியில்லையா?" என்று அந்த வீட்டம்மா நெற்றியில் கைவைத்துப் பார்த்தார்.

நேயர்களே, அடுத்த முறை பிள்ளைகளோடு கொடைக்கானல் போனால், படகு விடுவதை மத்தியானத்துக்குத் தள்ளிவையுங்கள். பூம்பாறைச் சாலையில் அந்த வாசலில் இறங்குங்கள். பார்வையாளர்களுக்கென்று சிறிய காட்சிக்கூடம் இருக்கிறது. கரும்புள்ளியைப் பார்க்க முடியுமா என்று தயங்காமல் கேளுங்கள். காலையிலேயே போய்விடுங்கள், பதினொரு மணிக்கு மேல் மூட்டம் ஏறிவிடும்.